பெட்டிச் சில்லுக்கும் பவர் குடுக்கப் போறியளோ?

மாசியில அருவிவெட்டு முடிஞ்சு நெல்லு மூட்டை ஏத்தேக்க இரணைமடுக் குளத்துக்குக் கீழ வயலுகளில என்ன நடக்கும் எண்டு தெரியுந்தானே, ட்ரெக்டர் பின்னால இழுக்கிற பெட்டி புதையும், ட்ரெக்டரின்ர பின்ரயர் நிண்ட இடத்திலயே கிடங்கு கிண்டும். அதால பழைய லொறி அக்சிலை டிப்ரென்சலோட பெட்டிக்கு அடியில பூட்டி, பி.ரி.ஓ.வில (இஞ்சின் பவரை வெளியில எடுக்க ட்ரெக்டருக்குப் பின்னால சுத்துற முனை) இருந்து சாப்ட் இழுத்து பெட்டிச் சில்லையும் ஓட்டலாமோ எண்டு சிலபேர் கேக்கினம். யோசனை பிழையில்லை, பாரம் முழுக்கப் பெட்டியிலதானே கிடக்கு, அதைப் பிடிப்பாக்கினா நல்லதுதான். ஆனா வெல்டிங் அடிச்ச கையோட வயலுக்கு இறக்காதேங்கோ.

முதல்ல சோதிச்சுப் பாக்கவேணும், லாப்பில இதுக்கு நீட்டுத் தொட்டி ஒண்டில மண் நிரப்பி ஈரமும் இறுக்கமும் அளந்து வைச்சிருப்பினம். ஒற்றைச் சில்லைப் பாரத்தோட ஒரு தள்ளுவண்டியில பூட்டி, சில்லை ஒரு மோட்டர் சுத்த வண்டியை இன்னொண்டு இழுக்கும், ரெண்டு வேகத்தையும் தனித்தனிய மாத்தலாம், விசயமே அதிலதான் கிடக்கு. சில்லு 10 மீற்றருக்குச் சுத்தி 8 மீற்றர்தான் நகந்தா 20 வீதம் வழுக்கல். வழுக்கலே இல்லாட்டி இழுவையும் இல்லை. பொதுவா 8க்கும் 15க்கும் இடையில நல்லா இழுக்கும், அதுக்கு மேல போனா டீசல் மண் கிண்டத்தான்.

எங்கட ஆக்கள் கவனிக்காதது வேகப் பொருத்தம். சாதாரண பி.ரி.ஓ. இஞ்சினோட சுத்துறது, கியர் மாத்தினாலும் நிமிசத்துக்கு அதே 540 சுத்துத்தான், முதல் கியருக்குக் கணக்குப் பாத்துப் பூட்டினா ரெண்டாம் கியரில பெட்டி பின்னுக்குப் பிடிச்சு இழுக்கும். மெசி பெர்கூசன் 35, 135 ட்ரெக்டர் வைச்சிருக்கிறவைக்குத் தெரியும், பி.ரி.ஓ. லீவரை மற்றப் பக்கம், அதாவது தரைவேகப் பக்கம், போட்டா சில்லு ஓடுற வேகத்துக்கு ஏத்தமாதிரிச் சுத்தும். அது இல்லாத மிசினுக்கு சாப்ட் வேலை வேண்டாம்.

ரயரும் கணக்கைக் குழப்பும். ட்ரெக்டரின்ர 13.6-28 அளவுப் பின்ரயர் 3 சென்ரிமீற்றர் தேஞ்சா சுத்தளவு 5 வீதத்துக்குக் கிட்டக் குறையும், பெட்டிக்குப் புது ரயர் எண்டா அது ட்ரெக்டரைத் தள்ளத் தொடங்கும். சேத்தில தெரியாது. ஏ9 றோட்டில ஏறினாத்தான் தெரியும், தார் வழுக்க விடாது, வளைவில பின்னுக்கிருந்து தள்ள ட்ரெக்டர் குறுக்கால மடியும். வயலை விட்டு ஏற முதலே பி.ரி.ஓ. ஓட்டத்தை வெட்டுங்கோ.

லாப் இல்லாட்டியும் ஒண்டு செய்யலாம். சாப்டைக் கழட்டி, பி.ரி.ஓ. முனையிலயும் அக்சில் முனையிலயும் சோக்கால கோடு போட்டு, லீவரை அந்தத் தரைவேகப் பக்கம் வைச்சு, இறுகின தரையில 50 மீற்றர் மெல்ல ஓட்டி ரெண்டு முனையும் எத்தினை சுத்து எண்டு எண்ணச் சொல்லுங்கோ. பி.ரி.ஓ. கூடச் சுத்தினா பெட்டி தள்ளும், அக்சில் கூடச் சுத்தினா பெட்டி பிடிக்கும். எண்ணேக்க பாரத்தை ஏத்திப்போட்டு எண்ணுங்கோ, வெறும் பெட்டியில ரயர் அமுங்காது, கணக்கு வேற வரும்.