படகுல இருந்து பறவை படம் ஏன் ஷேக் ஆகுது?

"500 மி.மீ. லென்ஸ், ஸ்டெபிலைசர் (நடுக்கத்த அடக்குற அமைப்பு) ஆன்லதான் இருந்துச்சு, ஆனா படகுல இருந்து எடுத்த பறவை படம் எல்லாமே ஷேக், ஏன்?"னு ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

படகு மேலயும் கீழயும் குதிக்கிறது பெரிய வில்லன் இல்லங்க. பறவை 100 மீட்டர் தள்ளி இருந்தா, கேமரா 1 செ.மீ. நகர்ந்தாலும் சென்சார்ல பிம்பம் நகர்றது 0.05 மி.மீ.தான், ஆனா அதே கேமரா வெறும் 0.1 டிகிரி திரும்பிட்டா கிட்டத்தட்ட 0.9 மி.மீ. ஓடிடும், ஃபுல் ஃப்ரேம்ல, அதாவது 36 மி.மீ. அகல சென்சார்ல, 6000 பிக்சல்னா சுமார் 145 பிக்சல்! அதனால திரும்புறதத்தான் பிடிக்கணும்.

அத பிடிக்கிறது லென்ஸுக்குள்ள இருக்கிற கைரோ, அதாவது திரும்புறத உணர்ற குட்டிக் கருவி. எனக்கு ரொம்பப் பிடிச்ச பொருள் இது. உள்ள சுத்துற சக்கரம் எதுவும் கிடையாது, கண்ணுக்கே தெரியாத ஒரு சிலிக்கான் துணுக்கு நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இடமும் வலமுமா துடிச்சுக்கிட்டே இருக்கும். சுத்துற குடை ராட்டினத்துல நடுவப் பாத்து நேரா நடந்தா யாரோ பக்கவாட்டுல தள்ளுற மாதிரி இருக்கும்ல, அதே கோரியோலிஸ் விசைதான், லென்ஸ் திரும்பின உடனே அந்தத் துணுக்கையும் பக்கவாட்டுல தள்ளும். சீப்புப் பல்லு மாதிரி பக்கத்துல இருக்கிற தகடுகளோட இடைவெளி துளி மாறும், அதுல மின்னூட்டத்தத் தேக்கி வைக்கிற அளவு (மின்தேக்குத்திறன்) மாறும், சிப் அத அளந்து காயிலும் காந்தமும் வெச்சு லென்ஸுக்குள்ள இருக்கிற ஒரு கண்ணாடி வில்லைய எதிர்ப்பக்கம் நகர்த்திடும். இப்படி வில்லைய நகர்த்தி நடுக்கத்த அடக்குறத, லென்ஸ் மாத்திப் போடுற எஸ்எல்ஆர் கேமராவுக்கு 1995ல கேனான் கொண்டுவந்தாங்க.

ஈ இத எப்பவோ பண்ணிடுச்சு! அதோட பின்னிறக்கை ரெண்டும் குண்டூசி மாதிரி சுருங்கி, பறக்கும்போது துடிச்சு, உடம்பு திரும்புறத இதே விசையாலதான் உணருது. ஈய ஆராய எதுக்குக் காசுன்னு கேக்குறவங்கள பாத்தா எனக்குக் கோவமே வரும், இந்த மாதிரி ஆராய்ச்சிக்குத் தாராளமா குடுக்கணும்.

சரி, படகுல ஏன் தோக்குது? கைரோ சும்மா இருக்கும்போதே லேசா திரும்புற மாதிரி பொய் சொல்லும், அதனால ரொம்ப மெதுவான திருப்பத்த சிப் கண்டுக்காது. கை நடுக்கம் வேகமானது, மாட்டிக்கும். அலை மெதுவானது, தப்பிச்சிடும். 8 நொடிக்கு ஒரு தடவை ரெண்டு பக்கமும் 2 டிகிரி சாயுற படகுன்னு வைங்க, நடுவுல வேகம் உச்சத்துல இருக்கும், அப்ப 1/250 நொடி ஷட்டர்ல எடுத்தா சுமார் 9 பிக்சல் இழுபடும், 1/2000ல ஒண்ணுதான். முழங்கைய கம்பில ஊனாதீங்க, இன்ஜின் அதிர்வு நேரா லென்ஸுக்கு வரும். முழங்கால லேசா மடக்கி நின்னுக்கிட்டு, ஊஞ்சல் உச்சிக்குப் போய் திரும்புற மாதிரி படகு ஒரு பக்கம் முழுசா சாஞ்சு அப்படியே நிக்கும் பாருங்க ஒரு கணம், அப்ப அமுக்குங்க.