தானே ஆறும் பிளாஸ்டிக்: மருந்து இருந்தால் போதுமா?

மேசைமீது இரண்டு பட்டைகள் கிடந்தன. இறுகியபின் உருகாத எப்பாக்ஸி பிசின், அதை இறுகவைக்கும் கடினமாக்கி, விரிசலை ஆற்றும் மருந்தாகச் சேர்த்த, சூட்டில் உருகும் பாலிகாப்ரோலாக்டோன் என்ற பிளாஸ்டிக்: இரண்டிலும் எல்லாம் ஒரே வகை, ஒரே அளவு. நடுவில் வெட்டுப் போட்டு, விரிசல் ஓடும்வரை வளைத்து, பிளந்த முகங்களைச் சேர்த்துவைத்து இரண்டையும் அடுப்பில் சூடாக்கியிருந்தோம். ஆறிய பிறகு கையில் எடுத்து முறுக்கிப் பார்த்தேன். ஒன்று அசைந்துகொடுக்கவில்லை. மற்றொன்று காய்ந்த பொருக்குபோலக் கையோடு வந்துவிட்டது.

எடை போட்டதில்தான் பிழை என்று முதலில் நினைத்தேன். குறிப்பேட்டில் எடைகள் சரியாகவே இருந்தன. அதில் இல்லாதது ஒன்றுதான்: இரண்டாவது தொகுதியை அவசரத்துக்காகக் கூடுதல் சூட்டில் வேகமாக இறுகவைத்திருந்தோம். அது பெரிய விஷயமாக அன்று யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு பட்டைகளையும் திரவ நைட்ரஜனில் உறையவைத்து ஒடித்தோம். ஒடிந்த முகத்தைக் கரைப்பானில் ஊறவைத்து, பாலிகாப்ரோலாக்டோனை மட்டும் கரைத்து வெளியேற்றிவிட்டு, மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தோம். முதல் பட்டையில் எப்பாக்ஸி திராட்சைக் குலைபோல உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டு நின்றது. உருண்டைகளுக்கு இடையே எங்கும் வளைந்து நெளிந்து ஓடும் வெற்றிடம். கரைந்துபோன பொருள் அந்த வழியெல்லாம் தொடர்ச்சியாக நிறைந்திருந்தது என்று அதற்கு அர்த்தம். இரண்டாவது பட்டையிலோ எப்பாக்ஸி சுவர்போல முழுதாக நின்றது. அதில் ஊசியால் குத்தியதுபோலத் தனித்தனிக் குழிகள். ஒரு குழிக்கும் அடுத்ததற்கும் வழியே இல்லை.

சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே சட்டியில் இருந்தும் வரவில்லை.

பாலிகாப்ரோலாக்டோன் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உருகும்போதும், அதற்கு மேல் சூடேறும்போதும் அது எப்பாக்ஸியைவிட அதிகமாக விரிகிறது. சுற்றிலும் இறுகிய உருண்டைகள். உள்ளே இடம் போதாது. ஆகவே திறந்திருக்கும் பக்கமாக, அதாவது விரிசலுக்குள், கசிந்து வெளிவருகிறது. விரிசலின் இரு முகங்களையும் நனைக்கிறது. சூடு தணியும்போது படிகமாகி, அங்கேயே ஒரு தழும்பாக நின்றுவிடுகிறது. எப்பாக்ஸி இதில் உருகுவதே இல்லை. பொருள் தன் உருவம் கலையாமலே காயத்தை மூடிக்கொள்கிறது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வு 15.5 சதவீதம் பாலிகாப்ரோலாக்டோன் கொண்ட கலவையில் இதைத் தெளிவாகக் காட்டியது. எப்பாக்ஸி செங்கல், மற்றது சாந்து என்று அந்த அமைப்பை வர்ணித்தார்கள். செங்கல்லைச் சுற்றிச் சாந்து இடைவிடாமல் ஓடினால்தான் கசிவு நடக்கும். குழிகளுக்குள் அடைபட்டுக் கிடந்தால், விரிசல் நேராக வெட்டிய சில துளிகள் மட்டுமே வெளிவரும். அது முகத்தை நனைக்கவே காணாது.

கலக்கும்போது இரண்டும் ஒரே திரவமாகத்தான் இருக்கின்றன. எப்பாக்ஸி இறுக இறுக, கரைந்திருந்தது பிரியத் தொடங்குகிறது. பிரிவதற்கும் இறுகுவதற்கும் அப்போது ஒரு போட்டி. இறுகல் முந்திவிட்டால், பிரிந்தவை வளர்ந்து ஒன்றோடொன்று சேருமுன் எல்லாம் அப்படியே உறைந்துபோகும். எங்கள் இரண்டாவது பட்டைக்கு நேர்ந்தது அதுதான்.

அந்த 2009 ஆய்வில் சீராகும் திறன், அதாவது உடையுமுன் இருந்ததில் ஆறிய பிறகு எவ்வளவு மீண்டது என்ற அளவு, 100 சதவீதத்தையும் தாண்டியது. விற்பனைத் தாள்களில் இந்த மாதிரி எண்களைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், எண் பொய் என்பதற்காக அல்ல. விரிசலை மிதமான விசையால் அழுத்தி மூடியபோது கிடைத்த எண் அது. ஆய்வாளர்கள் அதை மறைக்காமல் எழுதியிருந்தார்கள். விற்பனைத் தாளுக்கு வரும்போது எண் மட்டும் தங்கி, அழுத்தம் காணாமல் போய்விடுகிறது. சூடாக்கினார்களா, அழுத்தினார்களா, அளந்தது இழுவிசை வலிமையா அல்லது விரிசலைத் தாங்கும் திறனா, எத்தனையாவது முறை என்றெல்லாம் கேட்காமல் சதவீதத்தை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

எத்தனையாவது முறை என்ற கேள்வி முக்கியமானது. 2001-இல் பெரிதாகப் பேசப்பட்ட, திரவம் அடைத்த நுண்குமிழ்களைப் பொருளுக்குள் பதிக்கும் முறையில், விரிசல் குமிழ்களை உடைக்க, உள்ளே இருந்த திரவம் வினையூக்கியைத் தொட்டு இறுகியது. முறிவைத் தாங்கும் திறனில் சுமார் 75 சதவீதம் மீண்டது. சூடோ அழுத்தமோ தேவைப்படவில்லை. ஆனால் உடைந்த குமிழ் உடைந்ததுதான். அதே இடத்தில் மறுபடி பிளந்தால் ஊற்ற ஒன்றும் இருக்காது. உருகிக் கசியும் கலவை மீண்டும் மீண்டும் உருகும். அதிலும், எப்பாக்ஸியில் இருப்பதுபோல மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கட்டும் வலைப்பின்னல் இல்லாத இரண்டு வெறும் பிளாஸ்டிக்குகளின் கலவையாக இருந்தால், ஒவ்வொரு சூட்டிலும் சிறு துளிகள் சேர்ந்து பெரிதாகிக்கொண்டே போகும். ஐந்தாவது முறை ஆறும் பொருள் முதல் முறை ஆறிய பொருள் அல்ல.

சூடே வேண்டாம் என்பவர்கள் 2008-இல் வந்த ரப்பரைக் காட்டுவார்கள். அறுந்தாலும் மீண்டும் சேரக்கூடிய ஹைட்ரஜன் பிணைப்புகளால் நிற்கும் அந்த ரப்பரை வெட்டி, அறை வெப்பத்திலேயே சேர்த்துப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும். வெட்டிய முகங்களை நெடுநேரம் பிரித்துவைத்தால், அறுந்த முனைகள் தங்களுக்குள்ளேயே ஜோடி தேடிக்கொண்டுவிடும். பிறகு அவ்வளவு நன்றாக ஒட்டாது. ஓடியாடும் சங்கிலிகள், அதாவது நீண்ட மூலக்கூறுகள், இருந்தால்தான் பிணைப்பு மீளும். ஓடியாடும் சங்கிலிகளோ பொருளை மென்மையாக்கிவிடும். 2012-இல் வந்த ஒரு வடிவமைப்பு இந்தச் சிக்கலை உள்ளமைப்பால் அவிழ்த்தது: விறைப்பைத் தர நுண்ணிய கெட்டித் தீவுகள், அவற்றைச் சூழ்ந்து ஹைட்ரஜன் பிணைப்புகள் கொண்ட மென்மையான கடல். இங்கும் ஆற்றும் பகுதிதான் தொடர்ச்சியாக ஓடுகிறது.

கண்ணை நம்பவேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூச்சில் விழுந்த கீறல் மறைந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சுமையேற்றுகிறார்கள். முகங்கள் தொட்டு நனைந்தாலே கீறல் கண்ணுக்கு மறையும். வலிமை வருவது, சங்கிலிகள் எல்லையைக் கடந்து ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பின்னும்போதுதான், அதுவும் மெதுவாக. சங்கிலி ஊடுருவலால் ஆறும் பாலிமர்களில் வலிமை காலத்தின் நான்காம் படிமூலத்தை ஒட்டி ஏறும் என்பது 1980-களிலிருந்தே அறிந்தது. ஒரு மணி நேரத்தில் கிடைத்த வலிமையை இரட்டிப்பாக்க 16 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

எங்கள் இரண்டாவது பட்டையைப் பார்க்கிறவர்கள், இன்னும் நன்றாகச் சூடாக்கினால் உள்ளே வழி திறக்காதா என்று கேட்பதுண்டு. திறக்காது. எப்பாக்ஸியின் வலைப்பின்னல் இறுகிய பிறகு அந்தக் குழிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கு மேல் சூடேற்றினால் பட்டைதான் கருகும்.