தத்தெடுத்த நாய் திடீரென்று வீட்டுக்குள் சிறுநீர் போகிறதா? முதலில் யூரின் டெஸ்ட்

"டாக்டர், ஒரு மாசம் ஒழுங்காத்தான் இருந்துச்சு. இப்போ வேணும்னே ஹால்ல ஒண்ணுக்குப் போகுது. ஷெல்டர்லயே திருப்பி விட்டுடலாம்னு இருக்கோம்."

கால்நடை மருத்துவர்கள் அலுத்துப்போகும் அளவுக்குக் கேட்கும் பேச்சு இது. அப்படி வரும் நாய்களில் பலவற்றுக்கு அதுவரை ஒரு யூரின் டெஸ்ட்கூட எடுத்திருக்க மாட்டார்கள். மூக்கைப் பிடித்து மூத்திரத்தில் தேய்த்திருப்பார்கள், பேப்பரைச் சுருட்டி அடித்திருப்பார்கள், ராத்திரி தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்திருப்பார்கள். மூன்றுமே தவறு. தண்ணீரை நிறுத்துவது ஆபத்தும்கூட: சிறுநீரகக் கோளாறோ சர்க்கரையோ உள்ள நாய்க்கு ஒரே இரவில் நீர்ச்சத்து வற்றி நிலைமை கைமீறிப் போகலாம்.

முதலில் அந்த 'வேணும்னே'. பழிவாங்க ஒரு நாய் ஹாலில் சிறுநீர் போக வேண்டுமானால், அது நமக்கு அருவருப்பு என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். காலையில் நீங்கள் திட்டியதை நினைவில் வைத்து, சாயங்காலம் நீங்கள் பார்த்து வருத்தப்படுவீர்கள் என்று கணக்குப் போட வேண்டும். நாய்க்குச் சிறுநீர் அருவருப்பே கிடையாது, முகர்ந்து விஷயம் தெரிந்துகொள்ளும் பொருள் அது. "தப்பு செஞ்ச முழி முழிக்குதே" என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் இதைச் சோதித்தார். தப்பு செய்த நாயும் சரி, செய்யாத நாயும் சரி, வளர்ப்பவர் திட்டினால் அதே முழிதான் முழித்தன. காதை மடக்குவது, உதட்டை நக்குவது, பார்வையைத் திருப்புவது எல்லாம் பயம். அடி வாங்கிய நாய் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: இந்த ஆள் பார்க்கும்போது போகக் கூடாது. அதனால்தான் அடுத்த வாரம் சோபாவுக்குப் பின்னால் போகிறது. அரை மணி நேரம் வாக்கிங் கூட்டிப்போனாலும் அடக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஒதுங்குகிறது. தயவுசெய்து அடிக்காதீர்கள்.

இனி, தரையைப் பாருங்கள். எப்படி நனைந்திருக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

அங்கங்கே இரண்டு ஸ்பூன் அளவு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து முக்குகிறது, பிறப்புறுப்பை நக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் சிறுநீர்ப்பைத் தொற்றோ கல்லோ இருக்கலாம். பெண் நாய்களில் தொற்று அதிகம். பெரிய குளம் போலத் தேங்கி, நிறமில்லாமல் தண்ணீர் மாதிரி இருந்தால், குடிக்கும் தண்ணீரை அளந்து பாருங்கள். பாட்டிலில் அளந்து கிண்ணத்தில் ஊற்றி, 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கழித்தால் போதும். ஒரு கிலோ எடைக்கு 50, 60 மில்லி இயல்பு. 100 மில்லியைத் தாண்டினால், அதாவது 15 கிலோ நாட்டு நாய் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால், சர்க்கரை, சிறுநீரகம், ஹார்மோன் என்று தேடியாக வேண்டும். (தயிர்சாதம் சாப்பிடும் நாய்க்குச் சாப்பாட்டிலேயே தண்ணீர் போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள்.) சிறுநீரில் எறும்பு மொய்த்தால் உடனே சொல்லுங்கள். மொய்க்காவிட்டால் சர்க்கரை இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

தூங்கி எழுந்த இடம் மட்டும் ஈரமா? கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதில் வெட்டு உள்ள பெண் நாயா? ஆபரேஷனுக்குப் பிறகு மாதங்களோ வருடங்களோ கழித்துச் சில நாய்களுக்குத் தன்னையறியாமல் கசியும். அதற்கு மாத்திரை இருக்கிறது, பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். கருத்தடை ஆகாத பெண் நாய், ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் நிறையத் தண்ணீர் குடித்து, சாப்பிடாமல், வாந்தி எடுத்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். நாற்றம் பிடித்த கசிவு இல்லாவிட்டாலும் அன்றைக்கே கொண்டு வாருங்கள்.

தத்தெடுத்தவர்கள் சொல்ல மறக்கும் விஷயம் ஒன்று உண்டு: அரிப்புக்குப் போட்ட ஊசி. தெருவிலிருந்து வந்த நாய்க்குச் சொறி, உண்ணி எல்லாம் இருக்கும். எங்கேயாவது ஸ்டீராய்டு கொடுத்திருப்பார்கள். பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாய் தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்கும், அடக்க முடியாமல் வீட்டுக்குள் போகும். மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்து வாருங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. இன்னொன்று, தெருவில் வளர்ந்த நாயின் பிறப்புறுப்பிலிருந்து சொட்டும் ரத்தம் எல்லாம் ஹீட்டும் இல்லை, நீர்க்கடுப்பும் இல்லை. இனச்சேர்க்கையில் பரவும் புற்றுக்கட்டியாக இருக்கலாம். வாரம் ஒரு ஊசி வீதம் சில வாரங்களில் பெரும்பாலும் கரைந்துவிடும் கட்டி அது. காலிஃபிளவர் மாதிரிச் சதை தெரிகிறதா என்று மருத்துவர் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"உடம்பு சூடு டாக்டர், இளநீர் கொடுத்தோம்" என்பவர்களுக்கு: முக்கி முக்கி ஒரு சொட்டும் வராத நாய்க்கு இளநீர் கொடுக்காதீர்கள். சிறுநீர் அடைத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இளநீரில் இருப்பதும் பொட்டாசியம். ஆண் நாய்க்குக் கல் அடைத்தால் மறுநாள் வரை காத்திருக்க நேரமில்லை, நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.

சாம்பிள் எடுப்பது சுலபம். காலையில் முதல் தடவை போகும்போது, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். ஆண் நாய்க்கு நீளக் கைப்பிடி உள்ள கரண்டி, பெண் நாய்க்குப் பின்னாலிருந்து நகர்த்தும் தட்டையான தட்டு. இரண்டையும் கழுவிக் காயவைத்திருங்கள். மெடிக்கலில் கிடைக்கும் யூரின் டப்பாவில் 10 மில்லி போதும். ஜாம் பாட்டில் வேண்டாம், ஒட்டியிருக்கும் சர்க்கரையை நாயின் சர்க்கரை என்று காட்டும். ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிட்டு சாம்பிள் கொண்டு வராதீர்கள், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டில் ஒன்றும் வளராமல் போகலாம்.

மழைக்காலத்தில் காய்ச்சல், மஞ்சள் கண்ணோடு வந்தால் எலிக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். அந்தச் சிறுநீரிலிருந்து மனிதருக்கும் தொற்றும். கையுறை போட்டுத் துடையுங்கள், குழந்தைகளை அண்ட விடாதீர்கள்.

டெஸ்ட் எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் பழக்கத்துக்கு வாருங்கள். புது வீட்டில் முதல் வாரங்கள் பயத்தில் ஒடுங்கிக் கிடந்த ஆண் நாய், தைரியம் வந்ததும் கால் தூக்கிச் சுவரோரம் கொஞ்சம் கொஞ்சமாக அடையாளம் வைக்கும். தனியாக விட்டால் மட்டும் போகிற நாய்க்குப் பிரிவுப் பதற்றம் இருக்கலாம், மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள். தீபாவளி வெடிக்குப் பயந்து வெளியே கால் வைக்காத நாய் வீட்டுக்குள்தான் போகும். அந்த வாரம் வெளிச்சம் இருக்கும்போதே கயிற்றோடு கூட்டிப்போங்கள். மற்றபடி குட்டிக்குச் செய்வதைப் போலவே: எழுந்ததும், சாப்பிட்டதும், பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே. போய் முடித்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு சிக்கன், வீட்டுக்கு வந்த பிறகு அல்ல. ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீர் விட்டுத் துடைத்து, பெட் ஷாப்பில் கிடைக்கும் என்சைம் கிளீனரை ஊற்றி ஊற விடுங்கள். ஃபினாயில் நம் மூக்குக்கு மட்டும்தான் வாடையை மறைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் திருப்பி விடுவது என்று முடிவெடுத்தால், யூரின் ரிப்போர்ட்டையும், கொடுத்த மருந்துகளின் பெயரையும், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். அடுத்து எடுப்பவர் முதல் நாளிலிருந்தே சிகிச்சையைத் தொடங்க முடியும்.