ஓபன் வயர் ஃபீட் லைன்: தமிழில் என்ன சொல்வது?

ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு) பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இதைத் ‘திறந்த கம்பி ஊட்டு வரி’ என்று எழுதுவதைப் பல தடவை பார்த்தாகிவிட்டது. நான்கு சொல்லும் அகராதியில் இருக்கின்றன. சேர்த்துப் படித்தால்தான் ஒன்றும் புரியவில்லை.

டிரான்ஸ்மிட்டரின் ஆற்றலை ஆன்டெனாவுக்குக் கொண்டுபோகும் பாதைதான் ஃபீட் லைன். அதில் இது ஒரு வகை: இரண்டு கம்பிகள் ஒரே இடைவெளியில் ஓடும், அங்கங்கே காப்புக் குச்சிகள் அவற்றை விலக்கிப் பிடிக்கும், நடுவில் காற்று. 2 மி.மீ. கம்பிகளை 15 செ.மீ. இடைவெளியில் வைத்தால் இம்பீடன்ஸ் (தடத்தில் ஓடும் அலையின் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம்) 600 ஓம் அளவில் வரும். ‘ஓபன் வயர்’ என்ற பெயர் தந்தி, தொலைபேசிக் காலத்திலேயே இருந்தது. கம்பத்துக்குக் கம்பம் வெறுமனே ஓடிய கம்பிகள் ஓபன் வயர். உறைக்குள் அடங்கியவை கேபிள். அவ்வளவுதான் அந்த ‘ஓபன்’.

தமிழில் ‘திறந்த’ என்றால், மூடியிருந்த ஒன்றைத் திறந்ததாகப் பொருள். கம்பியில் திறக்க என்ன இருக்கிறது? மின்சாரப் பாடத்தில் ‘திறந்த சுற்று’ என்றால் இணைப்பு விட்டுப்போன சுற்று. புதிதாகப் படிப்பவர் கம்பியின் முனையை எதிலும் இணைக்காமல் விடவேண்டும் போல என்று நினைத்தால் அது அவர் தப்பில்லை. இதையும் விட மோசம், திறந்து கிடப்பது ஒழுகும் என்ற எண்ணம். உறையில்லாத கம்பி ஆற்றலைச் சிந்தும் என்று பயந்து கோஆக்ஸ் (நடுக்கம்பியைச் சுற்றி உலோக உறை உள்ள கேபிள்) வாங்கப் போய்விடுகிறார்கள். உண்மையில் இரு கம்பிகளிலும் சம அளவு மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் ஓடுகிறது. இடைவெளி அலைநீளத்தைவிட மிகச் சிறியது. அதனால் சற்றுத் தள்ளிப் போனாலே இரண்டின் புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒரே ஆன்டெனாவைப் பல பேண்டுகளில் (அலைவரிசைத் தொகுதிகளில்) ஓட்டும்போது எஸ்.டபிள்யூ.ஆர்., அதாவது தடமும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் அளவு, எகிறும். அப்போது கோஆக்ஸில் கணிசமான ஆற்றல் வெப்பமாக வீணாகும், இந்த இரட்டைக் கம்பியில் மிகக் கொஞ்சமே போகும். இதற்காகத்தான் இதைத் தேர்ந்தெடுப்பதே. டியூனர் (பொருத்தத்தைச் சரிசெய்யும் கருவி) வேண்டும், உலோகக் குழாயை ஒட்டி இழுக்கக் கூடாது, மண்ணில் புதைக்கக் கூடாது என்ற நிபந்தனைகள் உண்டு. சரி, அவை வேறு விஷயம். ‘திறந்த’ என்ற சொல் இவற்றில் எதையும் சொல்லவில்லை.

‘வெற்றுக் கம்பி’ பரவாயில்லை. ஆனால் பிளாஸ்டிக் பூச்சுள்ள கம்பியிலும் இதைக் கட்டலாமே, அப்போது பெயர் பொய்யாகிவிடும். ‘ஏணிக்கம்பி’ எனக்குப் பிடித்த சொல். பேச்சில் ‘லேடர் லைன்’ என்றே பலர் சொல்கிறார்கள். ஆனால் பிளாஸ்டிக் பட்டையில் சன்னல் சன்னலாக வெட்டிய 450 ஓம் வகைக்கும் அதே பெயர் ஓடுகிறது, குழப்பம் தீராது.

நான் சொல்வது: காற்றிடை இணைகம்பி. ‘இணை’ என்பதில் ஜோடி என்ற பொருளும் இருக்கிறது, இணைகோட்டின் ‘இணை’யும் இருக்கிறது, இந்தக் கம்பிகளுக்கு இரண்டுமே பொருந்தும். ‘லைன்’ என்பதற்கு ‘வரி’ கூடவே கூடாது. அது செய்யுளுக்கும் அரசாங்கத்துக்கும் உரியது. தடம் போதும். ‘ஊட்டு’ சரியான சொல்தான், ‘உண்’ணிலிருந்து வந்தது. ஆனால் அதை ‘மின்னூட்டத் தடம்’ என்று நீட்டிவிடுகிறார்கள். மின்னூட்டம் என்பது பாடநூலில் சார்ஜ்! ஆக ஊட்டுத்தடம்.

பொருளைக் கண்ணால் பார்க்காமல் சொல்லுக்குச் சொல் வைப்பதால் வரும் வினை இது. அலையை அனுப்புகிற ஆன்டெனாவையும் ‘அலைவாங்கி’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்களே, என்ன செய்ய.

‘காற்றிடை இணைகம்பி ஊட்டுத்தடம்’ என்ற முழுப்பெயர் நீளம் என்றால் பேச்சில் ‘இணைகம்பி’ போதும். பழைய டி.வி. ஆன்டெனாவுக்கு வந்த 300 ஓம் வகையைப் பட்டை இணைகம்பி எனலாம். சன்னல் வெட்டியது துளைப்பட்டை இணைகம்பி.