றோட்டு, வீதி, சாலை: நம்மட ஊர்க் கணக்கு

மட்டக்களப்பில ஆரும் "திருமலை வீதியால வந்தன்" எண்டு சொல்ற இல்ல, போர்ட்லதான் வீதி, வாயில திருமலை றோட்டு. இந்த "றோட்டு" இங்கிலீஷ்காரன் தந்த சொல், ஆனா அவன்ட பாஷையிலயே அதுக்கு முதல்ல குதிரையில ஏறிப் போற பயணம் எண்டுதான் அர்த்தம், போற பாதைக்கு அந்தப் பேர் வந்தது 16ஆம் நூற்றாண்டுக் கடைசியில.

சரி, தமிழ்ல என்ன? வீதி எண்டு சட்டெண்டு சொல்லுவம், ஆனா அதுவும் வடமொழிதான், வரிசை எண்டு ஒரு பொருளும் அதுக்கு இரிக்கி. 1924ல திறந்த பழைய கல்லடிப் பாலத்தில நிண்டவங்களுக்கு இது நல்லா விளங்கும், ஒரு வாகனம் போற அகலம்தான், அங்கால இருந்து வாற லைன் முடியும் மட்டும் இஞ்சால ஓட்டோ, பஸ், சைக்கிள், மீன் பெட்டி கட்டின மோட்டர் சைக்கிள் எல்லாம் வெயிலுக்க வரிசையா நிக்கும். 2013ல பக்கத்தில புதுப்பாலம் வந்த பிறகுதான் அந்த நிலை மாறின. கோயில்லயும் சாமி சுத்துற வழி உள்வீதி, வெளிவீதிதான், அங்க ஆரும் றோட்டு எண்டு சொல்லமாட்டாங்க.

தெரு சுத்தத் தமிழ். சிலப்பதிகாரத்தில புகார் நகரத்தச் சொல்ற இடத்தில வீதி, தெரு, மறுகு மூண்டும் அடுத்தடுத்து வருது, அப்பவே கலந்துதான் புழங்கியிருக்காங்க. மறுகு இப்ப செத்துப்போச்சு. ஊருக்கு ஊர் போற நீளப் பாதைக்குப் பெருவழி எண்டு சோழர் காலத்துச் சொல் ஒண்டு இரிக்கி, கொழும்பில இருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை எண்டு சுத்தி மட்டக்களப்புக்கு வாற ஏ4க்கு அதுதான் பொருத்தம் எண்டு எனக்குப் படுது, ஆரு கேக்கப்போறாங்க!

ட்ராபிக்குக்குப் போக்குவரத்து, ஜாம் ஆனா நெரிசல். ஆனா நம்மட பேச்சில "பாலத்தடியில ட்ராபிக் நிக்கி" எண்டா நெரிசல் இல்ல, பொலிஸ். ஹெல்மட் இல்லாதவன் அதக் கேட்டதும் ஒழுங்கைக்குள்ள திருப்பிருவான்.

எழுதக்குள்ள பெரிசுக்கு வீதி, அதுக்குச் சின்னதுக்குத் தெரு, அதுக்கும் சின்னதுக்கு ஒழுங்கை எண்டு போட்டா இஞ்ச போதும். சாலை மட்டும் கவனம். ரெண்டு பக்கமும் மரம் நிண்ட பெரிய வழிக்கு அந்தப் பேர் இருந்த, அப்பிடிப் பார்த்தா நடுவில பேரீச்சை நிக்கிற காத்தான்குடி மெயின் றோட்டு பாதிச் சாலை. ஆனா நமக்குச் சாலை எண்டா பாடசாலை, வைத்தியசாலை, இல்லாட்டி இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் டிப்போ. சென்னைக் கூட்டாளி ஒருவன் "மட்டக்களப்பு சாலை முகாமையாளர்" எண்டு நியூஸ்ல பார்த்துப்போட்டு என்னட்டக் கேட்டான், ஒரு ரோட்டுக்கு எதுக்குடா மேனேஜர் எண்டு.