ஊசலாடுவது மாநிலமா? ‘ஸ்விங் ஸ்டேட்’டுக்கு நேரான தமிழ்ச்சொல்

நான்காண்டுக்கு ஒருமுறை, அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கியதும், முடிவு எந்தக் கட்சிக்கும் போகக்கூடிய மாநிலங்களுக்கு ‘ஊசலாடும் மாநிலங்கள்’ என்ற தொடர் தமிழ்ச் செய்திகளில் கிளம்பிவிடுகிறது. ‘ஊசல் மாநிலம்’, ‘ஊசலாட்ட மாநிலம்’ என்று அதற்கு இரண்டு மூன்று உருவங்கள். 2024 தேர்தலிலும் பென்சில்வேனியா ஊசலாடியது, ஜார்ஜியா ஊசலாடியது, விஸ்கான்சின் ஊசலாடியது. எழுதுகிறவரும் ‘ஸ்விங் ஸ்டேட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்துவிட்டோம் என்று நிம்மதியாகிவிடுகிறார். ஆனால் இந்தச் சொல்லை நம்பி அமெரிக்கத் தேர்தலைப் புரிந்துகொள்ளப் போகிற வாசகர் தவறான இடத்துக்குத்தான் போய்ச்சேருவார்.

முதலில் சொற்பிறப்பு. ‘ஸ்விங்’ பழைய ஆங்கிலத்தில் அடித்தல், விளாசுதல் என்ற பொருளில் இருந்த வினை. வீசுதல், தொங்கி ஆடுதல் எல்லாம் பிறகு வந்தவை. அரசியலுக்கு வந்தபோது அது இரண்டு விதமாக நின்றது. ஒன்று, தானே ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குச் சாய்வது. மற்றொன்று, வேறொன்றைத் தன் பக்கம் சாய்ப்பது. தமிழ் இலக்கணத்தில் சொன்னால் தன்வினையும் பிறவினையும். நாம் சாய்வதை மட்டும் எடுத்துக்கொண்டு சாய்ப்பதை விட்டுவிட்டோம். நம் ‘ஊசல்’ பழைய சொல். சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் ஊசல் வரி இருக்கிறது. அந்தச் சொல்லிலிருந்து ‘மனம் ஊசலாடுகிறது’, ‘உயிர் ஊசலாடுகிறது’ என்ற வழக்குகள் பிறந்தன. இரண்டிலும் உறுதியின்மைதான் பொருள். கோளாறு தொடங்கும் இடமும் அதுவே.

‘ஸ்விங்’ மாநிலம் என்று ஒன்று எதனால் உண்டாகிறது? அதிபரை மக்கள் வாக்கு நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. 538 பேர் கொண்ட தேர்வாளர் குழு தேர்ந்தெடுக்கிறது. மக்களவையின் 435, மேலவையின் 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 3 என்பது கணக்கு. வெல்ல 270 வேண்டும். 48 மாநிலங்களிலும் தலைநகரிலும் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அத்தனை தேர்வாளர்களும் போவார்கள். மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் மாநில அளவில் வென்றவருக்கு இருவரைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தொகுதிவாரியாகப் பிரிக்கின்றன. ஆகவே 54 தேர்வாளர் உள்ள கலிபோர்னியாவில் ஜனநாயகக் கட்சி பத்து லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றாலும் ஐம்பது லட்சத்தில் வென்றாலும் பலன் ஒன்றுதான். குடியரசுக் கட்சிக்கு 1980 முதல் விழுந்துகொண்டிருக்கும் டெக்சாஸின் 40க்கும் அதே கதை. இரு கட்சிக்கும் ஏறத்தாழச் சரிபாதி ஆள் இருக்கிற சில மாநிலங்களில்தான் ஒவ்வொரு வாக்குக்கும் எடை கூடுகிறது. 2024இல் அவை ஏழு: பென்சில்வேனியா 19, ஜார்ஜியா 16, வட கரோலினா 16, மிச்சிகன் 15, அரிசோனா 11, விஸ்கான்சின் 10, நெவாடா 6. மொத்தம் 93 தேர்வாளர்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ‘சரிபாதி’. கட்சி மாறுவது அல்ல. வட கரோலினாவைப் பாருங்கள். 2008இல் ஜனநாயகக் கட்சியின் ஒபாமா அங்கே 14,177 வாக்கில் வென்றார். அதன்பிறகு 2012, 2016, 2020, 2024 என்று நான்கு முறையும் அது குடியரசுக் கட்சிக்கே போயிற்று. ஒரு முறைகூட மாறவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அது ‘ஸ்விங்’ பட்டியலில் இருந்தது. ஏன்? 2020இல் வித்தியாசம் 74,483 வாக்கு, அதாவது ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு. இதை ஊசல் என்றால், நான்கு தேர்தலாக ஒரே பக்கம் நிற்கிற ஊசல் என்று சொல்ல வேண்டிவரும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. இந்தியானா 2004இல் குடியரசுக் கட்சியின் புஷ்ஷுக்கு இருபது விழுக்காட்டு அளவில் முன்னிலை கொடுத்தது. 2008இல் ஒரு விழுக்காட்டில் ஒபாமா பக்கம் சாய்ந்தது. 2012இல் மறுபடி குடியரசுக் கட்சிக்குத் திரும்பியது. ஊசல் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடையாது. ஆனால் இன்றைக்கு இந்தியானாவை யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஊசலாடிய மாநிலம் பட்டியலில் இல்லை. ஆடாத மாநிலம் இருக்கிறது. ஒரு சொல் பிழை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

விஸ்கான்சினையும் பார்த்துவிடலாம். 2000இல் ஜனநாயகக் கட்சியின் ஆல் கோர் 5,708 வாக்கில் வென்றார். 2004இல் அதே கட்சியின் ஜான் கெர்ரி 11,384. 2016இல் குடியரசுக் கட்சியின் டிரம்ப் 22,748. 2020இல் ஜனநாயகக் கட்சியின் பைடன் 20,682. 2024இல் டிரம்ப் 29,397. இந்த ஐந்து தேர்தலிலும் வித்தியாசம் ஒரு விழுக்காட்டுக்குக் கீழே. 2020இல் வாக்களித்தவர் ஏறத்தாழ 33 லட்சம் பேர். அதில் பெரும்பான்மையோர் முன்பு எந்தக் கட்சிக்குப் போட்டார்களோ அதற்கேதான் போட்டார்கள். மில்வாக்கி நகரமும் மேடிசன் நகரமும் ஒரு பக்கம், மில்வாக்கியைச் சுற்றியுள்ள புறநகரக் கவுண்டிகளும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) வடக்கே உள்ள ஊர்களும் மறு பக்கம் என்று உறுதியாக நிற்கின்றன. இரண்டு பக்கமும் பிடி தளரவில்லை. தளராததால்தான் முடிவு ஒரு மயிரிழையில் தொங்குகிறது. ‘ஊசலாடும்’ என்ற சொல் இந்த உறுதியை மறைத்து, விஸ்கான்சின்காரர்கள் யாருக்குப் போடுவது என்று தெரியாமல் தடுமாறுகிறார்கள் என்ற எண்ணத்தை உண்டாக்குகிறது.

இந்தப் பிழை நிலைத்துப்போனதற்கு வாக்கு எண்ணும் இரவும் ஒரு காரணம். தொலைக்காட்சித் திரையில் ஒரு மாநிலம் மாலையில் குடியரசுக் கட்சியின் சிவப்பாகத் தெரிந்து, நள்ளிரவுக்குப் பிறகு ஜனநாயகக் கட்சியின் நீலமாகிறது. பார்க்கிறவர் ‘ஆடுகிறதே’ என்கிறார். ஆடுவது எதுவும் இல்லை. வாக்குகள் முன்பே விழுந்துவிட்டன. எந்த வாக்குச்சீட்டுக் கட்டை முதலில் பிரிக்கிறார்கள் என்பதுதான் மாறுகிறது.

பென்சில்வேனியாவின் தபால் வாக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தக்க காரணம் காட்டாமலே தபாலில் வாக்களிக்க அங்கே 2019ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. வாக்காளருக்கு ஒரு வாக்குச்சீட்டும் இரண்டு உறையும் வரும். சீட்டில் குறியிட்டு, அதை முதலில் உள் உறையில் வைத்து ஒட்ட வேண்டும். இது இரகசிய உறை; இதன்மேல் பெயரோ அடையாளமோ இருக்கக்கூடாது. அதை வெளி உறைக்குள் போட்டு, பின்பக்க உறுதிமொழியில் கையெழுத்திட்டுத் தேதி எழுத வேண்டும். தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் அது கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அஞ்சல் முத்திரை எந்தத் தேதி என்பது அங்கே கணக்கில்லை. உள் உறை இல்லாமல் வெறும் சீட்டாக வந்தால் தள்ளுபடி. 2024இல் தேதி விடுபட்ட உறைகளும் எண்ணப்படவில்லை. இந்த உறைகளைப் பிரிக்கும் வேலையைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் தொடங்கச் சட்டம் இடம்தரவில்லை. ஆகவே நேரில் வந்து போட்ட வாக்கு முதலில் வெளியே வரும், தபால் வாக்கு பின்னால் வரும். 2020இல் நேரில் போட்டவர்களில் குடியரசுக் கட்சியார் அதிகம், தபாலில் போட்டவர்களில் ஜனநாயகக் கட்சியார் அதிகம். நவம்பர் 3ஆம் தேதி இரவு டிரம்ப் பல லட்சம் வாக்கு முன்னிலையில் இருந்தார். உறைகள் பிரியப் பிரிய அது கரைந்து, 7ஆம் தேதி பைடன் வென்றதாகச் செய்தி நிறுவனங்கள் அறிவித்தன. இந்த எண்ணிக்கை வரிசையைத்தான் நம் செய்திகள் ஊசலாட்டம் என்று எழுதின. ‘வாக்குத் திடீரென்று மாறியது எப்படி’ என்ற சந்தேகத்துக்கு அந்தச் சொல்லே துணைபோயிற்று. ஒரு பிழைச்சொல் செய்யக்கூடிய கெடுதல் அதுதான்.

போட்டிக்கு வேறு சில சொற்களும் இருக்கின்றன. ‘மதில்மேல் பூனை மாநிலம்’ கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பூனையும் எந்தப் பக்கம் குதிப்பது என்று இன்னும் முடிவெடுக்காத பூனைதான். ஊசலுக்கு உள்ள குறை அப்படியே இதற்கும் உண்டு. ‘போர்க்கள மாநிலம்’ வேறொரு ஆங்கிலத் தொடரின் நேர்பெயர்ப்பு. பக்கத்துப் பத்தியில் உண்மையான போரின் செய்தி இருக்கும்போது, வாக்குச்சாவடியில் மக்கள் வரிசையில் நிற்கிற மிச்சிகனைப் போர்க்களம் என்று எழுதுவது சரியில்லை. உண்மைப் போர்க்களத்தைப் பார்த்த ஈழத்து வாசகர்களும் அந்தச் செய்தியைப் படிக்கிறார்கள்.

‘வெற்றியைத் தீர்மானிக்கும் மாநிலங்கள்’ என்பது இவற்றில் நாணயமான முயற்சி, பிறவினைப் பொருளைப் பிடித்திருக்கிறது. ஆனால் அது வேறொன்றுக்குத் தேவைப்படுகிற பெயர். வென்றவர் கைப்பற்றிய மாநிலங்களை வித்தியாச விழுக்காட்டின்படி பெரியதிலிருந்து சிறியதுவரை அடுக்கிக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு மாநிலத்தில் 270ஐத் தொடுவார். அந்த ஒரு மாநிலமே தீர்மானித்த மாநிலம். 2020இல் அது விஸ்கான்சின்: ஜார்ஜியா, அரிசோனா, விஸ்கான்சின் மூன்றும் போயிருந்தால் பைடன் 306இலிருந்து 269க்கு இறங்கியிருப்பார். அம்மூன்றின் வித்தியாசத்தையும் கூட்டினால் 43,000க்கும் குறைவு. நாடு முழுவதும் அவர் பெற்ற முன்னிலையோ சுமார் 70 லட்சம். 2024இல் அது பென்சில்வேனியா. ஏழு மாநிலங்களையும் ‘தீர்மானிக்கும்’ என்று சொல்லிவிட்டால் இந்த ஒன்றைச் சொல்ல நம்மிடம் சொல் மிஞ்சாது.

‘ஸ்விங் ஸ்டேட்’ என்றே எழுதிவிட்டுப் போகலாமே என்பவர்கள் உண்டு. ரேடியோவுக்கும் பஸ்ஸுக்கும் அது செல்லும். நம்மிடம் இருக்கிற பொருளுக்கு, அதுவும் நாம் நாள்தோறும் பேசுகிற தேர்தல் பேச்சுக்கு, கடன் எதற்கு?

நேரான சொல் இழுபறி மாநிலம். இழு, பறி என்று இரண்டு வினைகள் சேர்ந்தது. இரண்டு கைகள் ஒரு பொருளைப் பற்றியிருப்பது அதிலேயே தெரிகிறது. மாநிலம் சும்மா இருக்கிறது, இழுப்பவை கட்சிகள். வாக்குப்பதிவுக்கு முன்பும் சொல்லலாம், எண்ணும்போதும் சொல்லலாம். நம் ஊர்க் கருத்துக் கணிப்புகளில் இன்ன கட்சிக்கு இத்தனை, மற்றதற்கு இத்தனை, ‘இழுபறி’ இத்தனை என்று தொகுதிகளைப் பிரிக்கும் வழக்கம் உண்டு. ‘இழுபறித் தொகுதி’ என்றால் டீக்கடையில் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். தொகுதிக்குச் செல்லுகிற சொல் மாநிலத்துக்கு ஏன் செல்லாது? நெப்ராஸ்காவில் ஒமாகா நகரத்தை உள்ளடக்கிய இரண்டாம் தொகுதிக்கு அது நேராகவே பொருந்தும்: மாநிலம் குடியரசுக் கட்சிக்கு, அந்த ஒரு தேர்வாளர் 2008, 2020, 2024 மூன்றிலும் ஜனநாயகக் கட்சிக்கு.

இழுபறி என்றால் முடிவு தெரியாமல் நீளுவது, ஆகையால் காலதாமதத்தைத்தான் குறிக்கும் என்று ஒரு மறுப்பு வரும். தாமதம் இழுபறியின் விளைவு, பொருள் அல்ல. தவிரவும் இந்த மாநிலங்களில் தாமதம் உண்மையிலேயே வருகிறது. 2020இல் ஜார்ஜியா சுமார் 50 லட்சம் வாக்குகளைக் கருவியில் எண்ணி, பிறகு கையால் எண்ணி, மறுபடியும் கருவியில் எண்ணி, 11,779 வித்தியாசத்தில் நின்றது. 2000இல் புளோரிடாவின் 25 தேர்வாளர்களும் 537 வாக்கில் புஷ்ஷுக்குப் போனது டிசம்பர் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு. அதே புளோரிடா 2024இல் 13 விழுக்காட்டு வித்தியாசத்தில் குடியரசுக் கட்சிக்கு விழுந்தது. இழுபறி தீர்ந்துவிட்டது என்று ஒரே வரியில் எழுதலாம். ஊசல் தீர்ந்துவிட்டது என்று எழுத முடியாது.

இந்த ஒரு சொல்லோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அமெரிக்கத் தேர்தல் செய்தி முழுவதும் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிற பழக்கம் பரவிக்கிடக்கிறது. தேர்வாளர் குழுவை ‘தேர்தல் கல்லூரி’ என்கிறார்கள். ‘காலேஜ்’ என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்குச் சக பொறுப்பாளர்களின் கூட்டம் என்று பொருள். அங்கே பாடமும் இல்லை, பட்டமும் இல்லை. அந்த 538 பேரும் ஓரிடத்தில் கூடுவதுகூட இல்லை. 2024 டிசம்பர் 17ஆம் தேதி பென்சில்வேனியாக்காரர்கள் ஹாரிஸ்பர்க்கிலும் மிச்சிகன்காரர்கள் லான்சிங்கிலும் என அவரவர் தலைநகரில் கூடி வாக்களித்தார்கள். இந்தியக் குடியரசுத் தலைவரையும் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் சேர்ந்த இப்படியொரு குழுதான் தேர்ந்தெடுக்கிறது. அதைக் கல்லூரி என்று எழுத யாருக்கும் கை வராது. அமோக வெற்றி ‘நிலச்சரிவு வெற்றி’ ஆகிவிட்டது. நிலச்சரிவில் ஆள் சாவார்கள், தமிழில் அது வெற்றியைக் குறிக்காது. ‘பென்சில்வேனியா மாகாணம்’ என்பதும் வேண்டாம். மாகாணம் கனடாவுக்கும் இலங்கைக்கும் இருக்கட்டும். தனக்கென அரசியல் சட்டமும் தேர்தல் சட்டமும் வைத்திருக்கிற, எந்த உறையை எப்போது பிரிப்பது என்பதைத் தானே முடிவுசெய்கிற அமைப்புக்கு மாநிலம் என்பதே பொருத்தம்.

ஊசலை அடியோடு தூக்கிப்போடச் சொல்லவில்லை. அதற்கு ஒரு வேலை இருக்கிறது. எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாமல், கடைசி வாரம்வரை இவரா அவரா என்று மனம் மாறிக்கொண்டிருக்கிற தனி ஆள் ஊசலாடும் வாக்காளர். மதில்மேல் பூனையும் அவரே. விஸ்கான்சினில் இரு கட்சியும் தம் ஆட்களை ஒருவர் விடாமல் வாக்குச்சாவடிக்கு அழைத்து வந்த பிறகு, மிச்சமிருக்கிற அந்தச் சிலரைத் தேடித்தான் இரண்டும் வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்டுகின்றன. ‘இழுபறி மாநிலத்தின் ஊசலாடும் வாக்காளர்’ என்று எழுதிப் பாருங்கள்; இரண்டு சொல்லும் தத்தம் இடத்தில் உட்காரும்.