பை ட்சு து: நூறு மகன்கள் ஓவியமும் அதன் நடுவெழுத்தும்

பை ட்சு து என்பது மூன்று சீன எழுத்துகள் சேர்ந்த ஒரு சொல். முதல் எழுத்துக்கு நூறு என்று பொருள். மூன்றாவது எழுத்து படத்தையும் வரைபடத்தையும் குறிக்கும். இரண்டும் தமிழில் எளிதாக வந்துவிடுகின்றன. நடுவிலுள்ள ட்சு என்ற எழுத்தை மட்டும் ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்க்க முடியாது. இதே மூன்று எழுத்துகளைக் கொரியர்கள் பேக்ஜாதோ என்று ஒலிக்கின்றனர். முற்றமும் தோட்டமும் நிறைய விளையாடும் சிறுவர்களை வரைந்து, வீட்டுக்கு மக்கட்செல்வம் பெருகட்டும் என்று வாழ்த்தும் ஓவிய வகைக்கு இது பெயர். உலகிலேயே மிகக் குறைவான பிள்ளைகள் பிறக்கும் நாடுகளின் வரிசையில் இன்று முன்னால் நிற்பவை இந்த ஓவியத்தைப் போற்றி வளர்த்த நாடுகளே என்பதால், இச்சொல்லை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நடுவெழுத்தின் மிகப் பழைய வடிவம் ஒரு கைக்குழந்தையின் படம்: பெரிய தலை, விரித்த இரு கைகள், துணியில் சுற்றப்பட்டதால் ஒன்றாகிவிட்ட கால்கள். குழந்தை என்ற இந்த முதற்பொருளிலிருந்து மகன் என்ற பொருளும் விதை என்ற பொருளும் கிளைத்தன. பின்னர் ஆசானைக் குறிக்கும் மதிப்புச் சொல்லாகவும் அது உயர்ந்தது. கன்பூசியஸ் என்று நாம் அழைக்கும் பேராசானின் சீனப் பெயரான கோங் ட்சு என்பதன் ஈற்றில் நிற்பதும் இதே எழுத்துதான். குழந்தைக்கும் விதைக்கும் ஒரே சொல் என்பது தமிழருக்குப் புதிதன்று. தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்கிறோம். வித்து என்ற சொல்லை மரபுவழிக்கும் ஆள்கிறோம்.

நூறு என்ற எண் சீனத்தின் பழைய சூ வமிசத்துக்கு அடித்தளமிட்ட வென் மன்னரின் குடும்பத்தோடு தொடர்புடையது. சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பான ஷி சிங்கில், அவருடைய மனைவி தை சியைப் போற்றும் பாடல் ஒன்று அவருக்கு நூறு ஆண்மக்கள் வாய்த்ததாகச் சொல்கிறது. மன்னருக்குத் தொண்ணூற்றொன்பது மகன்கள் இருந்தனர் என்றும், காட்டில் கண்டெடுத்த ஒரு குழந்தையை வளர்த்து நூறாக்கினார் என்றும் பிற்காலக் கதை அதை விரித்தது. இவ்விடத்தில் தமிழ் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூற்றுவர் என்றதுமே நமக்கு நினைவுக்கு வருவோர் காந்தாரியின் மைந்தர். அந்த எண்ணோடு போரும் தாயின் ஓலமும் சேர்ந்தே வரும். சீனருக்கோ நூறு மகன்கள் என்பது குறையற்ற மங்கலம். ஆகவே இந்த ஓவியத்தை நூற்றுவர் ஓவியம் என்று பெயர்த்தால் சொல் அழகாக இருக்கும், பொருளோ தலைகீழாகிவிடும்.

இந்த வாழ்த்துக்குப் பின்னால் ஒரு கடமையும் இருந்தது. பெற்றோர்க்கு மகன் செய்யத் தவறும் செயல்கள் மூன்று, அவற்றுள் தலையாயது பின்னோர் இன்மை என்பது கன்பூசியஸ் வழிவந்த சிந்தனையாளர் மென்சியஸின் புகழ்பெற்ற கூற்று. பின்னோர் என்று நான் எழுதியிருப்பதை எச்சம் என்ற நம் பழஞ்சொல் இன்னும் நெருக்கமாகத் தரும். பெற்றோர்க்கு ஆற்றும் கடமையைக் குறிக்கும் சியாவ் என்ற எழுத்தே ஒரு சிறு ஓவியம் போன்றது: மேற்பாதியில் முதுமையைக் குறிக்கும் எழுத்தின் சுருக்கம், கீழ்ப்பாதியில் அதைத் தாங்கி நிற்கும் ட்சு. முன்னோர் வழிபாட்டை நடத்தும் உரிமை ஆண்மகனுக்கே என்றிருந்த சமூகத்தில், தாங்கி நிற்கும் அந்தக் கீழெழுத்தை யாவரும் மகன் என்றே படித்தனர்.

ஓவிய மரபாக இது சீனத்தின் சோங் அரச வமிசக் காலத்தில், குறிப்பாக 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சு ஹன்சென் போன்றோரின் கையில், முழு வடிவம் பெற்றது. தைபெயிலுள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய இலையுதிர்கால முற்றத்து ஓவியத்தில் இரண்டே குழந்தைகள். அரக்குப் பூசிய ஒரு முக்காலியின்மேல் இலந்தைக் கனியைக் கொண்டு செய்த சிறு சுழல்பொம்மையை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விளையாடுகின்றனர். பின்னால் ஓங்கிய பாறை, பூத்த செடிகள். நூறு மகன்கள் ஓவியம் இந்த இரண்டைப் பெருக்கியது. கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் தென் சோங் காலத்து விசிறி ஓவியம் ஒன்றில், கைக்குள் அடங்கும் பட்டுத்துணியின்மேல் ஒரு சிறுவர் பட்டாளமே ஆடிப் பாடுகிறது.

இவ்வோவியங்களில் காணும் பொருள்கள் பலவும் ஒலிச் சிலேடைகள். தமிழில் சிலேடை என்றால் வெண்பா நினைவுக்கு வரும். சீனத்தில் அது தூரிகைக்குள்ளும் புகுந்திருக்கிறது. தாமரையைக் குறிக்கும் லியன் என்ற ஒலி, தொடர்ச்சி என்றும் பொருள்படும். மூங்கிற்குழல்களைச் சேர்த்துச் செய்த ஷெங் என்ற ஊதுகருவியின் பெயர், பிறப்பு என்ற சொல்லோடு ஒத்தொலிக்கும். எனவே தாமரையை ஒருவனும் ஷெங்கை மற்றொருவனும் ஏந்தி நின்றால், பார்ப்பவர் அதைத் தொடர்ந்து பிள்ளைகள் பிறக்கட்டும் என்று வாசிப்பார். இலந்தைக் கனியின் பெயர் விரைவில் என்ற சொல்லாக ஒலிக்கும்; அதனால்தான் மணமக்களின் படுக்கையில் இலந்தையைத் தூவுகின்றனர். வெடித்துத் திறந்த மாதுளைக்கு ஒலிச் சிலேடையே தேவையில்லை. அதன் முத்துகள் ஒவ்வொன்றும் ட்சுதான், விதை என்ற பொருளிலும் பிள்ளை என்ற பொருளிலும்.

இந்த வகையில் என் மனத்தை விட்டு அகலாதது ஒரு துணி. பெய்ஜிங்குக்கு அருகே மிங் பேரரசர் வான்லியின் கல்லறையான திங்லிங், 1956 முதல் 1958 வரை அகழப்பட்டது. அங்கே பேரரசி சியாவ்ஜிங்கின் சவப்பெட்டியிலிருந்து, நூறு சிறுவர்களைப் பூந்தையலால் நிறைத்த மேலங்கி கிடைத்தது. அவர் அரண்மனையில் பணிப்பெண்ணாக இருந்தவர். பேரரசரின் மூத்த மகனைப் பெற்றும் அவருடைய அன்பைப் பெறாமல், 1611இல் இறந்தார். 1620இல் அந்த ஒரே மகன் அரியணை ஏறி ஒரு மாத அளவிலேயே இறந்துபோக, அவனுக்குப்பின் வந்த பேரன்தான் பாட்டியின் உடலைத் திங்லிங்குக்கு மாற்றி அடக்கம் செய்தான். உயிரோடிருந்தபோது ஒரு மகனுக்காகப் பட்ட துன்பமெல்லாம் முடிந்தபின், நூறு மகன்கள் அவர் உடலைப் போர்த்தியிருந்தனர். வாழ்த்து ஒன்று எவ்வளவு எடையுள்ள சுமையாக இருந்திருக்கிறது என்பதை எந்த நூலைக் காட்டிலும் இந்த அங்கி எனக்குத் தெளிவாகச் சொல்கிறது.

கொரியாவின் சோசன் அரசில் பேக்ஜாதோ பல மடிப்புகள் கொண்ட திரையாக வளர்ந்து, அரண்மனைத் திருமணங்களிலும் குழந்தைகளின் அறைகளிலும் நின்றது. சீன உடையணிந்த சிறுவர்கள் மண்டபங்களுக்கிடையே ஊர்வலம் போவார்கள், குளத்தில் குளிப்பார்கள், சேவற்சண்டை நடத்துவார்கள். அந்தக் கூட்டத்தில் சிறுமிகளைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இந்த இன்மை ஓவியத்தோடு நின்றிருந்தால் கலைவரலாற்றாளர் மட்டும் பேசிவிட்டுப் போயிருப்பார்கள். 1962இல் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கிய தென்கொரிய அரசு, மகளா மகனா என்று பாராமல் இரண்டே பெற்று நன்றாக வளர்ப்போம் என்று 1970களில் சுவரொட்டி ஒட்டியது. 1980களில், நன்றாக வளர்த்த ஒரு மகள் போதும், பத்து மகன்கள்மீது பொறாமை வராது என்றது. பிள்ளைகள் குறைந்தார்கள், மகன் வேண்டும் என்ற ஆசை குறையவில்லை. 1990இல் அங்கே 100 பெண் குழந்தைகளுக்கு 116.5 ஆண் குழந்தைகள் பிறந்தனர். கருவிலேயே பாலினத்தைக் கண்டறியும் வசதி அந்தப் பழைய திரையின் விருப்பத்தை நிறைவேற்றியது என்றுதான் இதைப் படிக்க முடிகிறது.

இனி இதன் மறுபக்கச் சொல்லுக்கு வருவோம். ஜப்பானியர் ஷோஷிகா என்கின்றனர். ஷோ என்றால் குறைவு; கா என்றால் அவ்வாறு ஆகிவருதல்; நடுவில் ஷி என ஒலிப்பது நம் பழைய ட்சுவேதான். அதே எழுத்தை நடுவில் வைத்துக்கொண்டு, நூறு இருந்த இடத்தில் குறைவு வந்து அமர்ந்திருக்கிறது. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கருவள விகிதம் என்கிறோம். 1989இல் ஜப்பானில் அது 1.57 ஆகச் சரிந்தது. அறுபதாண்டுச் சுழற்சியில் ஒருமுறை வரும் நெருப்புக் குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்ற நம்பிக்கையால் பலர் பிள்ளைப்பேற்றைத் தவிர்த்த 1966ஆம் ஆண்டையும்விட அது குறைவு என்பதால் நாடே அதிர்ந்தது. 1992இல் அரசின் வெள்ளை அறிக்கை ஒன்று ஷோஷி என்ற வழக்கைப் பரப்பியது. தைவான் சீனரும் அதே எழுத்துகளை எடுத்துக்கொண்டனர். 2024இல் ஜப்பானின் விகிதம் 1.15. தென்கொரியாவில் 2023இல் 0.72, அடுத்த ஆண்டில் 0.75.

கொரியர்கள் தமக்கென வேறு சொல் வைத்துள்ளனர்; அதைப் பற்றிய வாதம் தமிழருக்கும் பயன்படும். நெடுங்காலம் வழங்கிய சொல் ஜொசுல்சான், அதாவது ஈனுதல் குறைவு. ஈனுபவள் பெண் என்பதால் குறைக்கும் பழியும் அவள்மேலேயே விழுகிறது என்று வாதிட்டவர்கள், பிறப்புக் குறைவு எனப் பொருள்படும் ஜொசுல்செங் என்ற சொல்லை முன்வைத்தனர். 2018இல் சோல் நகரப் பெண்கள், குடும்ப நல அறக்கட்டளையின் பால்சமன்மைச் சொற்பட்டியலிலும் இந்த மாற்றம் இடம்பெற்றது. தமிழில் மகப்பேறு குறைவு, பிறப்புக் குறைவு என்னும் இரண்டும் இதே இரு நிலைகள்தாம். பேறு பெறுபவளின் செயல்; பிறப்பு பிறப்பவரின் செயல். நீண்ட வேலை நேரம், வீட்டு விலை, தனிப்பயிற்சிச் செலவு, திருமணம் தள்ளிப்போதல், வீட்டு வேலை முழுதும் பெண்மேல் விழுதல் எனக் காரணங்கள் குவிந்திருக்கையில் பிறப்புக் குறைவு என்றே எழுதுவது நேர்மையானது என்பது என் துணிபு.

இன்றைய படங்களும் இந்தச் சொற்களோடு சேர்த்துப் பார்க்கத் தக்கவை. ஹுவாங் யோங்யு வரைந்த சீனத்தின் முதல் குரங்காண்டு அஞ்சல்தலை 1980இல் வந்தது. அதில் ஒற்றைக் குரங்கு. அதே ஆண்டில்தான் ஒரு பிள்ளைக் கொள்கை நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்டது. இரண்டு பிள்ளைகளுக்கு அனுமதி கிடைத்த 2016இல் அதே ஓவியர் வரைந்த அஞ்சல்தலையில், தாய்க்குரங்கோடு இரண்டு குட்டிகள். 2019இன் பன்றி அஞ்சல்தலையில் மூன்று குட்டிகளைக் கண்டதும் மூன்றாம் பிள்ளைக்கும் அனுமதி வரும் என்று மக்கள் கணித்தனர், 2021இல் வந்தது. ஆயினும் 2016இல் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல் இருந்த பிறப்புகள் 2023இல் 90.2 லட்சமாகிவிட்டன. ஜப்பானின் ஷிகோக்கு தீவில் நகோரோ என்னும் மலைச் சிற்றூரில் நிகழ்ந்தது வேறு வகை. அயானோ சுகிமி என்ற பெண்மணி, இறந்தவர்களுக்கும் ஊரைவிட்டுப் போனவர்களுக்கும் ஈடாக ஆளுயரத் துணிப்பொம்மைகளைச் செய்து வயலிலும் பேருந்து நிறுத்தத்திலும் இருத்தினார். 2012இல் மூடப்பட்ட பள்ளியின் வகுப்பறையிலும் பொம்மை மாணவர்கள் பாடம் கேட்டு அமர்ந்திருக்கின்றனர். நூறு மகன்கள் ஓவியத்தின் எதிர்முனை இதுவே என்று எனக்குப் படுகிறது.

தமிழ்ப் பெயருக்கு வருவோம். மக்கள் என்ற சொல் இருபாலுக்கும் பொது என்றாலும், இன்று நூறு மக்கள் ஓவியம் என்றால் நூறு ஆட்கள் என்றே கேட்கும். அச்சொல்லின் பொதுமையும் எப்போதும் காக்கப்பட்டதன்று. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்துக்கு உரை கண்ட பரிமேலழகர், அதைப் புதல்வரைப் பெறுதல் என்றே கொண்டு, முதற்குறளில் மக்கள் என்னும் பெயர் ‘பெண் ஒழித்து நின்றது’ என்று விளக்கினார். சீன எழுத்துக்கு நேர்ந்த சுருக்கமே தமிழ்ச் சொல்லுக்கும் நேர்ந்தது. சிறார் என்பது அழகிய பொதுச்சொல். ஆனால் ஓவியத்தில் சிறுமியர் இல்லாததை அது மூடி மறைத்துவிடும். ஆதலால் பழைய ஓவியத்துக்கு நூறு மகன்கள் ஓவியம் என்ற வெளிப்படையான பெயரையே நான் தேர்கிறேன். ஷோஷிகாவுக்கு மகவருகல் என்று பரிந்துரைக்கிறேன். மகவு இருபாலுக்கும் பொது. அருகல் என்பது மெல்ல மெல்லக் குறைந்துவருதலைக் குறிப்பதால், கா என்ற ஈற்றின் பொருளும் அதில் தங்குகிறது. மகன், மகவு என்னும் இரண்டிலும் மக என்ற அடி கண்ணுக்குத் தெரிவதால், அவ்விரு சொற்களிலும் ஒரே சீன எழுத்து நடுவில் நிற்பதைத் தமிழ் வாசகரும் காணலாம். நாளிதழ் நடைக்குப் பிள்ளைகள் அருகிவருதல் என்பதே போதும். திங்லிங் அங்கியைக் காட்சிக் குறிப்பில் எழுதும்போது நூறு மகன்கள் பூந்தையல் அங்கி என்றும், கொரியத் திரையை நூறு மகன்கள் மடிப்புத்திரை என்றும் குறிக்கலாம்.